பனிக்கு விடாதது அப்பா இல்லை

பிள்ளை,

அம்மா எழுதுகிறேன். வேலைக்கு ஓடுகிற அவதியில் இதைப் பிரிக்காதே. என் எழுத்து கோணல், எட்டாம் வகுப்போடு கொப்பியை மூடி வைத்தவள் நான். நீயோ தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். இரண்டும் சேர்ந்தால் நேரமெடுக்கும், இருந்து வாசி. சுகம் கேட்டு எழுதத் தேவையில்லை, நேற்றும் கதைத்தோம். ரெலிபோனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. உனக்குப் பத்து வயதாக இருக்கும்போது உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ரீச்சரோடு பத்து நாள் பனிமலைக்குப் போனார்கள். நீ மட்டும் போகவில்லை. உன்னை விடாதவர் அப்பா என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா இல்லை, நான்தான். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். பிறகு எழுதுவோம் என்று விட்டால் பேனை வேறு பக்கம் போய்விடும், எனக்கு என்னைத் தெரியும்.

ஏன் இப்போது என்று கேட்பாய். பத்து நாளைக்கு முதல் நீ ரெலிபோன் எடுத்துச் சொன்னாய்: எங்கள் பக்கத்து ஊர் சார்செலில் இருந்து ஒரு வகுப்பு நீ இருக்கிற ஜூரா மலைக்கு வருகிறது, ரீச்சர் உன் சினேகிதி, நீயும் லீவு போட்டு அந்தப் பிள்ளைகளோடு நின்று ஸ்கி பழக்கப் போகிறாய், ஆனால் ஒரு தமிழ்ப் பிள்ளையின் தாய் மட்டும் கடிதத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்கிறாள். "நீங்கள் ஒருக்கா அவவோடை கதையுங்கோ அம்மா. பிரெஞ்சிலை சொன்னால் ஏறுதில்லை. அப்பாவைப் போலை பயந்த ஆள் போலை கிடக்கு" என்று சொல்லிச் சிரித்தாய். நம்பரைக் கலண்டரின் ஓரத்தில் எழுதினேன். எட்டு நாள் அந்தக் கலண்டரைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன், நம்பரைத் தொடவில்லை. அப்பாவைப் போலை என்ற அந்தச் சொல் மீன் முள்ளு மாதிரித் தொண்டையில் நின்றது.

கோபிக்கிறதென்றால் கோபி. அதற்கு முதல் உனக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சுற்றிக் கிடக்கிறது, பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. அப்பா போன அந்தக் குளிர்காலம் உனக்கு நினைவிருக்கும். முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடியும்வரை வீடு நிறையச் சனம். அதற்குப் பிறகு நாலாம் மாடிக்கு ஏறிவர ஒருவருக்கும் கால் இல்லை. நான் வேலைக்கு வருத்த லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, யன்னலெல்லாம் பூட்டி, ஹீற்றரைக் கூட்டி வைத்து, அவருடைய போர்வைக்குள் சோபாவில் இருந்தேன். கீழே இறங்கினால் லாச்சப்பல் தமிழ்க் கடைக்காரர் எல்லாரும் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள், அதற்குப் பயந்தே இறங்கவில்லை. இரண்டாம் மாடிப் புஸ்பம் அக்காவிடம் சாமான் துண்டைக் கொடுத்தால் அவ வாங்கி வந்து வாசலில் வைப்பா. பிடரியைப் பிடித்துத் தள்ளினாலும் வெளியே போகமாட்டேன் என்று இருந்தேன். தை மாதம் நீ வந்தாய். வந்து அழவுமில்லை, புத்தி சொல்லவுமில்லை. நிலத்தில் இருந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்து, ஆஸ்பத்திரியில் உன்னிடம் வருகிற ஆட்களுக்குப் பார்க்கிற மாதிரியே முழங்காலை அமத்திப் பார்த்தாய். "இது வருத்தம் இல்லை அம்மா. இருந்து இருந்து வந்தது. காலுக்கு நடக்கிறது மறந்துபோச்சு" என்றாய்.

மாசியில் இரண்டு ரெயின் ரிக்கற்றோடு திரும்ப வந்தாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "ஆண்டுத் திவசம் முடியேல்லை, நான் பனியிலை விளையாடப் போனால் சனம் என்ன சொல்லும்?" என்றேன். "சனம் அங்கை வராது அம்மா. அங்கை மாடுதான் நிக்கும். அதுவும் குளிருக்கு உள்ளை கட்டியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே என் பெட்டியை அடுக்கினாய். கார் து லியோன் ஸ்ரேசனில் இருந்து ரெயின் வெளிக்கிட்ட பிறகும் இறங்குவோமா என்றுதான் யோசித்தேன்.

முதல் நாள் நான் போட்டுக்கொண்ட உடுப்பை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. இரண்டு உள்காற்சட்டை, மூன்று ஸ்வெற்றர், அதற்கு மேல் அப்பாவின் ஜக்கெற், கழுத்தில் சால்வை, காதுக்குள் பஞ்சு. குளிர் எங்கேயாவது ஒரு சின்ன ஓட்டையால் உள்ளே போய்விடும், போனால் காய்ச்சலில் விழுத்திவிடும் என்ற பயம் எங்களுக்கு. நீ ஒன்றும் சொல்லாமல் விட்டாய். கால் மணித்தியாலத்தில் வேர்த்து ஊற்றியது. அப்போதுதான் "குளிர் ஒண்டும் செய்யாது அம்மா, வேர்வை காய்ஞ்சால்தான் ஆபத்து. ஒவ்வொண்டாய்க் கழட்டுங்கோ" என்றாய். மூன்றாவது ஸ்வெற்றரை ஒரு மரக்கொப்பில் போட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து எடுக்கும்போது கருவாடு மாதிரி விறைத்துப் போய்த் தொங்கியது.

அந்தப் பலகை இரண்டு விரல் அகலம்கூட இல்லை. ரீவியில் மலையில் இருந்து விழுகிற மாதிரி வருவார்களே, அதுதான் ஸ்கி என்று நினைத்திருந்தேன். இது வேறு. சப்பாத்தின் நுனி மட்டும் பலகையில் பூட்டும், குதி தன்பாட்டில் எழும்பும். மெசின் போட்டு வைத்த இரண்டு தடம் பனியில் நேரே போகிறது, அதற்குள் இரண்டு காலையும் வைத்து, இரண்டு தடியையும் ஊன்றி, சமதரையில் வழுக்கி வழுக்கி நடக்கிறதுதான். முதல் வளைவுக்கு முன்னமே ஆறு தரம் விழுந்தேன். நீ தூக்கிவிடவில்லை. பலகை இரண்டையும் ஒரு பக்கம் சேர், முழங்காலை மடக்கு, குந்து, எழும்பு என்று சொல்லிக்கொண்டு தள்ளி நின்றாய். கிராமத்தவ ஒருத்தி, எழுபது வயதிருக்கும், சிவப்புத் தொப்பி, எங்களைத் தாண்டிப் போனவ நின்று என்னவோ சொன்னா. என்னவாம் என்று கேட்டேன். "இந்த வயசிலை இப்பிடிக் குந்தி எழும்புற ஆளை அவ இஞ்சை கண்டதில்லையாம்" என்றாய். குசினி நிலத்தில் குந்தியிருந்து தேங்காய் துருவினவளுக்கு இது ஒரு வேலையா? ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பிடித்தது. மூன்று மாதத்தில் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லாத முதல் ஆள் அவதான்.

பிறகு ஒரு இடத்தில் எனக்குப் பிடிபட்டது. லா டெஃபான்ஸில் இருபது வருடம் அந்த நீளமான ஒஃபிஸ் நடைகளில் அகலத் துடைப்பத்தைத் தள்ளினவள் நான். கையால் தள்ளினால் தோள் போய்விடும். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்றக் காலுக்கு மாற்றி, உடம்பாலே தள்ள வேண்டும். பனியிலும் அதேதான். நான் அப்படிப் போகத் தொடங்கியதும் நீ பின்னால் நின்று, "ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டாய். "என்ரை வேலை" என்றேன். துடைத்த நிலத்தில் பின்னால் வருகிறவன் சப்பாத்துக் காலோடு நடந்து ஊத்தையாக்குவானே, இங்கே அதுவும் இல்லை. என் வாழ்க்கையில் காசில்லாமல், ஒருவரும் ஏவாமல், சும்மா சந்தோசத்துக்காக நான் உடம்பை அசைத்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் ஒரு சின்ன இறக்கத்தில் விழாமல் வழுக்கிப் போனேன். கத்திச் சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு அவர் நினைவு வந்து, நடுத் தடத்தில் நின்று, தடி இரண்டிலும் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். நீ பக்கத்தில் வந்து கட்டிப்பிடிக்கவில்லை, அழாதையுங்கோ என்றும் சொல்லவில்லை. உன் தடியில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு நின்றாய். நான் மூக்கைத் துடைத்த பிறகு, "மல்லித்தண்ணி குடிப்பமோ?" என்று கேட்டாய். அப்படி நின்றதற்கு நான் உனக்கு எப்படி நன்றி சொல்வேன், பிள்ளை. சிரிக்கவும் அழவும் இடம் தந்துவிட்டு நின்றாய். ஆனால் அந்த மல்லித்தண்ணியைக் குடித்துக்கொண்டு நீ இன்னொன்றும் சொன்னாய். "அப்பா சின்னனிலை விட்டிருந்தால் பத்து வயசிலேயே பழகியிருப்பன், என்ன?" நான் ஃபிளாஸ்க்கின் மூடியை இறுக்கினேன்.

அந்த வருடக் கதையை இப்போது எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்ததும் அப்பா அன்றைக்கே கையெழுத்து வைத்துவிட்டார். அவர் வேலை செய்த ரெஸ்ரோறன்ற் முதலாளியின் மனிசி தன் மகள் போட்ட ஊதாப் பனிச்சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டா. நீ அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்து சோறு தின்றாய். எனக்கு நித்திரை இல்லை. குளிருக்குப் பயந்தேன் என்று நினைக்காதே. என் தமக்கையின் மகள் பத்து வயதிலேயே பெரியபிள்ளை ஆகியிருந்தாள். நீயும் அந்தப் பத்து நாளுக்குள், மலையில், வெள்ளைக்காரர் நடுவில் ஆகிவிட்டால்? ஆர் உன்னை இருத்துவது, மாமா வந்து தண்ணி வார்க்கிறது எங்கே, பெடியன்கள் கண்டால் என்ன, பிறகு எங்கள் சனத்துக்கு நான் என்னவென்று சொல்வது? இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "ஆனால் ஆகட்டும். அங்கை பொம்பிளை ரீச்சர்மார் இருக்கினம்தானே. ரெயினிலை போய்க் கூட்டிக்கொண்டு வாறன். இதுக்கேன் பிள்ளையை மறிக்கிறீர்?" என்றார். அவருக்கு அது அவ்வளவுதான். எனக்கு உலகம் முடிகிற காரியம்.

அவருக்குச் சொல்லாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனேன். உன்னை வெளியே இருத்திவிட்டு, பிள்ளைக்குத் தொய்வு, இரவில் மூச்சு இழுக்கிறது, பனிக்குப் போனால் செத்துவிடுவாள் என்று அழுதேன். பிறகு உன்னைக் கூப்பிட்டு நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தவர் இப்போது ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் சொன்னார். தாய் அழுதால் அவரும் என்ன செய்வார், கடிதம் எழுதித் தந்தார். நான் நினைத்தது அந்தப் பத்து நாளை மட்டும்தான். பள்ளிக்கூடம் அதை அந்த வருடம் முழுவதுக்கும் எடுத்துக்கொண்டது. ஓடக்கூடாது, நீச்சலுக்குப் போகக்கூடாது, பையில் எந்த நேரமும் அந்த ஊதுகிற மருந்து. மற்றப் பிள்ளைகள் முற்றத்தில் ஓட நீ சுவரோடு நின்றாய். நான் கூட்டிப்போக வரும்போது கம்பிக்கு வெளியே நின்று அதைக் கண்டிருக்கிறேன். கண்டும் போய்ச் சொல்லவில்லை, பொய் என்று தெரிந்தால் ஏதும் பிரச்சினை வரும் என்ற பயம். பிள்ளை, உனக்குத் தொய்வு இல்லை. ஒருநாளும் இருக்கவில்லை. வளர வளர மாறிவிட்டது என்று உனக்குச் சொன்னேன். இல்லாத ஒன்று எங்கே மாறும்?

"நான் இழுக்கிறன் எண்டு டொக்டருக்கு ஆர் சொன்னது?" என்று நீ ஒருநாள் என்னைக் கேட்டாய். ஊதாச் சட்டையை நான் மடித்துக்கொண்டிருந்தேன், திருப்பிக் கொடுக்க. "அப்பாதான். வேலையாலை வரேக்கை நீ இழுக்கிறதைக் கேட்டவராம்" என்றேன். அப்பா குசினிக்குள் நின்றார், காதில் விழுந்தது. வெளியே வரவில்லை. நீ அன்றைக்கு அவரோடு கதைக்காமல் படுத்துவிட்டாய். பிறகு நான் போய், கோபமா என்று கேட்டேன். "உம்மைப் பொய்யாக்கினால் பிள்ளை நாளைக்கு ரெண்டு பேரையும் நம்பாது. என்னிலை கோவிக்கட்டும், நான் வீட்டிலை நிக்கிறது குறைவுதானே" என்றார். நீ பெரியபிள்ளை ஆனது அதற்கு மூன்று வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் பக்கத்தில், வீட்டில். எதற்காக உன்னைச் சுவரோடு நிறுத்தினேன் என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்துவிட்டு உன் சடங்குக்கு மண்டபம் தேடப் போய்விட்டேன்.

பதினெட்டு வயதில் நீ படிக்கவென்று பெசன்சோனுக்கு வெளிக்கிட்டபோது அவரைப் பார்த்து, "இந்த முறை உங்களிட்டைக் கேக்கேல்லை அப்பா, சொல்லுறன்" என்றாய். அவர் மறிக்கவே இல்லை. "ஓம், போட்டு வா" என்று உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் இறங்கினார். கடைசியாய் ஆஸ்பத்திரியில் நீ உன் ரெலிபோனில் பனி வீடியோக்களைக் காட்டினாய், நினைவிருக்கிறதா? ஒன்றை மூன்று தரம் போடச் சொன்னார். நீ பகிடியாகத்தான் சொன்னாய், "அண்டைக்கு விட்டிருந்தால் நான் இப்ப பிரான்சுக்கு மெடல் எடுத்திருப்பன் அப்பா." அவர் சிரித்து, "ஓம் பிள்ளை, என்ரை பிழைதான்" என்றார். நான் கட்டிலின் மற்றப் பக்கத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் சொல்லிவிடுவேன் என்று தெரிந்து பார்க்காமல் விட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு எட்டு நாள்தான் இருந்தார். எட்டு நாளில் ஒரு நாளாவது நான் சொல்லியிருக்கலாம்.

இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பச் சொன்னாய், இருபது எழும்புகிறேன். நாலு மாடியையும் நிற்காமல் ஏறுகிறேன். போன குளிர்காலத்தில் நீ தந்த இரண்டு தடியையும் எடுத்துக்கொண்டு ஸ்தாலின்கிராட் மெற்றோப் பக்கம் வாய்க்கால் கரையில் தனியே நடக்கத் தொடங்கினேன். புஸ்பம் அக்கா படியில் கண்டு, "ஆருக்கு அடிக்கப் போறாய், ரெண்டு தடியோடை?" என்று கேட்டா. "வாற ஆளுக்கு" என்றேன். "அப்ப நான் வந்தால் அடிப்பியோ?" என்று கேட்டுக்கொண்டு அடுத்த கிழமை வீடு கூட்டுகிற தும்புத்தடிப் பிடி இரண்டோடு வந்து நின்றா. இப்போது ஐந்து பேர். மழை தூறினாலும் போகிறோம். முழங்காலைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று ஒரு சட்டம், அன்றைக்குத் தேத்தண்ணி கதைத்தவவுடைய செலவு. போன மாசியிலும் உன்னோடு தடத்துக்கு வந்தேன், எட்டுக் கிலோமீற்றர் போனேன். குளிர்காலம் எனக்கு இப்போது பூட்டி வைக்கிற காலம் இல்லை. வாழ்க்கையை எனக்கு நீ திருப்பித் தந்தாய் என்று மற்றவர்களிடம் சொல்லித் திரிகிறேன். நான் உன்னிடம் எதைப் பறித்தேனோ அதையே நீ எனக்குக் கொண்டுவந்து தந்திருக்கிறாய். தெரியாமல் தந்தாய். தெரிந்தும் தருவாயோ என்றுதான் எனக்குப் பயம்.

நேற்றைக்கு, நீ ரெலிபோனை வைத்த பிறகு, அந்தத் தாய்க்கு எடுத்தேன். "ரீச்சர் சொல்லி எடுக்கிறியளோ? நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள் எடுத்த எடுப்பில். நல்ல காற்று, உடம்புக்கு நல்லது என்றெல்லாம் சொல்லத்தான் யோசித்து வைத்திருந்தேன். அவளுடைய குரலைக் கேட்டதும் அதெல்லாம் போய்விட்டது. "தங்கச்சி, என்னத்துக்குப் பயம்?" என்று மட்டும் கேட்டேன். அங்கே தண்ணிக் குழாயைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பிள்ளைக்குப் பத்து முடிஞ்சு நாலு மாதம், அக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்லத் தேவையும் இல்லை. இனி அப்படிப்பட்ட தாய்மாரோடு நீ கதைக்க வந்தால் இதை நினைவில் வை. பனியைப் பற்றிக் கதைக்காதே. பயம் என்ன என்று கேள், கேட்டுவிட்டுக் காத்திரு. என்னிடம் அதைக் கேட்டவர் உன் அப்பா மட்டும்தான். அவருக்கும் நான் பதில் சொன்னேனே தவிர, அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஊதாச் சட்டை, டொக்டர் கடிதம், நீ சுவரோடு நின்றது, அப்பாவின் தலையில் போட்டது, ஆஸ்பத்திரி எல்லாம். அறியாத மனிசியிடம் உனக்குச் சொல்லாததைச் சொன்னேன், அதற்கும் மன்னித்துக்கொள். முழுவதும் கேட்டுவிட்டு, "மகளுக்கு இது தெரியுமோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப முதல் அவவுக்குச் சொல்லுங்கோ. அவ என்ன சொல்லுறா எண்டு எனக்கு வந்து சொல்லுங்கோ. பிறகு நான் யோசிக்கிறன்" என்றாள். கெட்டிக்காரி. பனி எவ்வளவு நல்லது என்பதில் அவளுக்கு அக்கறையில்லை. மறித்த தாயை வளர்ந்த மகள் என்ன செய்வாள் என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

அதனால்தான் இன்றைக்குத் திங்கட்கிழமை விடிய இருந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் புதன்கிழமை கிடைக்கும். ரீச்சருக்குக் கடிதம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று நீதான் சொன்னாய். அந்தப் பிள்ளை வந்தால், அவள் கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய ஆள் ஒன்று பக்கத்து அறையில் இரவிலும் இருக்கவேண்டும், அது நீ என்றால் நல்லது. தேவையான சாமானை அவள் கேட்க முதலே பையில் வைத்திரு. அப்படி ஏதும் நடந்தால் முதலில் தாய்க்கு எடு. அவளைச் சுவரோடு நிறுத்தாமல், விருப்பமென்றால் அடுத்த நாளும் தடத்துக்குக் கூட்டிப்போ.

எனக்காக ஒன்றையும் மாற்றிச் சொல்லாதே. அந்தப் பிள்ளை போகவேண்டும் என்பதற்காக என்னை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லாதே. உன் மனதில் என்ன இருக்கிறதோ அதை ரெலிபோன் எடுத்துச் சொல். கோபமென்றால் கோபமென்றே, அழுதாய் என்றால் அழுதாள் என்றே, இனிமேல் கதைக்கமாட்டேன் என்றால் அதையும் உள்ளபடியே அவளிடம் சொல்வேன். இந்த முறை அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டேன்.

அம்மா